மெஷர்ட்: அளந்தது யார்?

ஸ்காட்லாந்தில் கிளைடு நதி கடலைத் தொடும் முகத்துவாரத்தில் ஸ்கெல்மோர்லி என்று ஒரு கரையோர ஊர் இருக்கிறது. அந்த ஆற்றங்கரைப் பட்டறைகளில் கட்டி முடித்த கப்பல்களை ஓட்டிப் பார்ப்பதற்காக அங்கே ஒரு மைல் தூரத்தை அளந்து வைத்திருந்தார்கள். கடலில் கோடு கிழிக்க முடியாது. அதனால் கரையில் கம்பம் நட்டார்கள். மைல் தொடங்கும் இடத்தில் முன்னும் பின்னுமாக இரண்டு கம்பங்கள், முடியும் இடத்தில் அதேபோல் இன்னும் இரண்டு. கப்பலில் நிற்பவருக்கு முன் கம்பம் பின் கம்பத்தை மறைக்கிற கணத்தில் கடிகாரம் ஓடத் தொடங்கும். அடுத்த ஜோடி ஒன்றையொன்று மறைக்கும்போது நிற்கும். முதல் ஜோடியை நெருங்குவதற்கு முன்பே கப்பல் தன் வேகத்தைப் பிடித்துவிட்டிருக்க வேண்டும். நடுவில் கூட்டவோ குறைக்கவோ கூடாது. நீரோட்டம் தள்ளிவிட்டிருக்கலாம் என்பதால் அதே தூரத்தை எதிர்த்திசையிலும் ஓட்டி, இரண்டுக்கும் சராசரி எடுப்பார்கள். இப்படிப்பட்ட தூரத்துக்கு ஆங்கிலத்தில் 'மெஷர்ட் மைல்' என்று பெயர்.

இன்று நாளிதழில் நாம் படிக்கும் 'மெஷர்ட்' வேறு மாதிரி. ஓர் அரசு 'மெஷர்ட் ரெஸ்பான்ஸ்' கொடுத்தது என்பார்கள். ஒரு தலைவர் 'மெஷர்ட் டோன்' உடன் பேசினார் என்பார்கள். மத்திய வங்கி 'மெஷர்ட் பேஸ்' இல் வட்டியை ஏற்றும் என்பார்கள். அகராதியைத் திறந்தால் நிதானமான, யோசித்துச் செய்த, மிகைபடாத என்று பொருள் போட்டிருக்கும். பொருள் சரிதான். ஆனால் அந்த மைலில் கம்பம் கரையில் நின்றது, கப்பலில் இல்லை. ஓடியவர் வேறு, அளவு வைத்தவர் வேறு. இந்த உரிச்சொல் கப்பலை விட்டு இறங்கி, பேச்சுக்கும் போருக்கும் பணத்துக்கும் வந்தபோது அந்தப் பிரிவினை எங்கே நிலைத்தது, எங்கே காணாமல் போனது என்று பார்த்தால்தான் இதன் உள்ளே இருப்பது தெரியும்.

வேர் லத்தீனில் இருக்கிறது. 'மென்சூரா' என்றால் அளவு. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதே குடும்பத்தில் பிறந்த இன்னொரு சொல் 'இம்மென்ஸ்'. மிகப் பெரிய என்று நாம் சாதாரணமாகப் பொருள் கொள்ளும் அந்தச் சொல்லின் நேர்ப்பொருள் 'அளக்கப்படாதது'. ஆக, மெஷர்ட் என்பதற்கு எதிர்நிலை 'பெரியது' இல்லை, அளவு பார்க்காதது. பெரிய காரியமும் மெஷர்ட் ஆக இருக்கலாம், சின்னக் காரியம் அப்படி இல்லாமலும் போகலாம். கோபத்தில் விடும் ஒரு அறை சின்னதுதான். அதை யாரும் மெஷர்ட் என்று சொல்வதில்லை.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் நடைக்கும் செய்யுளுக்கும் வெகுகாலம் பழகியது. சீரான காலடி வைத்து நடப்பது 'மெஷர்ட் ஸ்டெப்ஸ்'. ஓசை ஒழுங்கில் கட்டிய மொழி 'மெஷர்ட் லாங்குவேஜ்'. 13ஆம் நூற்றாண்டில் கொலோன் நகரத்து ஃபிராங்கோ எழுதிய இசை இலக்கண நூலின் பெயரிலேயே, ஒவ்வொரு சுரத்துக்கும் நீளம் இவ்வளவு என்று குறித்துப் பாடும் இசையை 'அளக்கக்கூடிய பாட்டு' என்று சொல்லும் லத்தீன் தொடர் இருக்கிறது. தமிழ் யாப்பு படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. இரண்டு சீர் குறளடி, மூன்று சிந்தடி, ஐந்து நெடிலடி என்று பெயர் வைத்த இலக்கணக்காரர்கள், நான்கு சீர் வந்த அடிக்கு மட்டும் 'அளவடி' என்று பெயர் வைத்தார்கள். அதை வைத்துத்தான் மற்றவற்றைக் குறைவு, நீளம் என்று சொல்ல முடிகிறது. இந்த அடுக்கில் அடக்கம், கட்டுப்பாடு என்ற நல்லொழுக்க வாடை எதுவும் இல்லை. ஒழுங்கு மட்டும் இருக்கிறது. அந்த ஒழுங்கான நடையைப் பார்த்துத்தான், இவர் அவசரப்படாதவர், தன்னைக் கையில் வைத்திருப்பவர் என்று மனிதர்களைப் பற்றியும் சொல்லத் தொடங்கினார்கள்.

அப்படி மனிதர்களிடம் வந்ததும் இதற்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் நிறைய. 'ரிஸ்ட்ரெய்ண்ட்' என்றால் உள்ளே ஏதோ திமிறுகிறது, ஒரு கை பிடித்து நிறுத்துகிறது. பிடியை விட்டால் பாய்ந்துவிடும். 'ரிசர்வ்ட்' என்பது பிறவிக் குணம். கல்யாண வீட்டிலும் மூலையில் உட்காரும் ஆள். 'ம்யூட்டட்' என்றால் சத்தம் குறைவு, அவ்வளவே. பங்கு வெளியீட்டுக்கு ஆள் வராவிட்டாலும், படத்துக்கு முதல் நாள் கூட்டம் இல்லாவிட்டாலும் 'ம்யூட்டட் ரெஸ்பான்ஸ்' என்று எழுதிவிடலாம். அங்கே யாரும் எதையும் அடக்கவில்லை, ஆர்வம் இல்லை. 'கார்டட்' என்பதில் பயம் கலந்திருக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே வந்து, 'இப்போதைக்கு ஒண்ணும் சொல்ல முடியாது, ஒரு நாள் போகட்டும்' என்கிற டாக்டரின் குறிப்பேட்டில் இருக்கும் சொல் அது. நாளை தன் வார்த்தை தன்மேலேயே திரும்பக்கூடாது என்ற முன்ஜாக்கிரதை அதில் உண்டு.

மெஷர்ட் இவை எதுவும் இல்லை. இதில் திமிறலும் இல்லை, கூச்சமும் இல்லை, பயமும் இல்லை. எவ்வளவு என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அந்த அளவுக்குக் கூடாமலும் குறையாமலும் செய்வது. படியைத் தலைதட்டி அளக்கிற மாதிரி. குவித்தும் போடவில்லை, உள்ளே கட்டைவிரலை வைத்துக் குறைக்கவும் இல்லை. குறையாமல் என்ற இரண்டாவது பாதியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மெஷர்ட் என்றால் மென்மை என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

அது மென்மை இல்லை என்பதற்கு நம் நாடாளுமன்றத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 2016 நவம்பர் 24 அன்று மாநிலங்களவையில், பணமதிப்பு நீக்கம் பற்றி முன்னாள் பிரதமர் மன்மோகன் சிங் சில நிமிடங்கள் பேசினார். குரல் எப்போதும்போல் கீழேயே இருந்தது. கை ஆட்டவில்லை, மேசை தட்டவில்லை. நோக்கத்தோடு தனக்குக் கருத்து வேறுபாடு இல்லை என்று தொடங்கி, செயல்படுத்திய விதத்துக்கு வந்தபோது, ஒழுங்கமைக்கப்பட்ட கொள்ளை என்றும் சட்டப் போர்வையில் நடக்கும் சூறையாடல் என்றும் பொருள்படும் சொற்களைப் பயன்படுத்தினார். உள்நாட்டு உற்பத்தி வளர்ச்சி சுமார் 2 சதவீதம் குறையலாம் என்று ஒரு எண்ணையும் வைத்தார். அவர் சொன்னது சரியா தவறா என்ற வாதம் வேறு. அந்த அவையில் அன்று பேசப்பட்டவற்றில் மிகக் கடுமையான சொற்கள் மிகத் தாழ்ந்த குரலில் வந்தன என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆங்கிலத்தில் 'மெஷர்ட் டோன்' என்றால் இதுதான்: குரலுக்கு அளவு வைத்திருக்கிறார், குற்றச்சாட்டின் கனத்தைக் குறைக்கவில்லை.

இதே மனிதரை இதே பழக்கத்துக்காக அவருடைய எதிர்த்தரப்பு 'மௌன'மோகன் சிங் என்று பெயர் வைத்துக் கேலி செய்தது. பழக்கம் ஒன்று, பெயர் இரண்டு. பிடித்தவரின் அமைதி மெஷர்ட், பிடிக்காதவரின் அமைதி கையாலாகாத்தனம். உரிச்சொற்களில் இந்த வகைக்கே உள்ள வியாதி இது. உயரம், எடை போன்றவற்றைப் பற்றிச் சொல்லும் சொற்களை ஒரு டேப்பை வைத்துச் சரிபார்த்துவிடலாம். அளவாக நடந்துகொண்டார் என்பதை எந்த டேப்பில் சரிபார்ப்பது?

இன்னொரு நிபந்தனையும் இந்தச் சொல்லுக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. இதைவிட அதிகமாகச் செய்யக்கூடியவரைப் பற்றி மட்டுமே இப்படிச் சொல்ல முடியும். ஒரு குட்டி நாடு வல்லரசுக்குக் கண்டனக் கடிதம் அனுப்பினால் அதை யாரும் மெஷர்ட் ரெஸ்பான்ஸ் என்பதில்லை; அதனால் முடிந்தது அவ்வளவுதான். விமானந்தாங்கிக் கப்பல் வைத்திருப்பவர் கடிதம் அனுப்பினால்தான் அந்தப் பெயர். கையில் இருக்கும் பலத்துக்கும் செலவழித்த பலத்துக்கும் உள்ள இடைவெளியைத்தான் அந்தச் சொல் பாராட்டுகிறது. திருவள்ளுவர் வெகுளாமை அதிகாரத்தைத் தொடங்கும்போதே இந்த இடத்தில்தான் கோடு போடுகிறார். கோபம் பலிக்கக்கூடிய இடத்தில் அதைக் காப்பவனே சினத்தைக் காப்பவன். பலிக்காத இடத்தில் காத்தால் என்ன, காக்காவிட்டால் என்ன என்பது அவருடைய கேள்வி. சம்பளம் கொடுக்கும் முதலாளி முன்னால் வாயை மூடிக்கொண்டிருப்பவருக்குப் பொறுமைசாலி விருது கிடையாது என்று அவர் அப்போதே தீர்த்துவிட்டார்.

பலம் உள்ளவருக்கு மட்டுமே பொருந்தும் பாராட்டு என்பதால், பலம் உள்ளவர்கள் இதைத் தங்களுக்குத் தாங்களே சூட்டிக்கொள்ள ஆசைப்படுகிறார்கள். சிக்கல் இங்கே தொடங்குகிறது. நம் நாளிதழ்களில் இதற்கு ஒரு உள்ளூர் வடிவம் உண்டு: 'லேசான தடியடி'. 'போலீசார் லேசான தடியடி நடத்திக் கூட்டத்தைக் கலைத்தனர்' என்ற வரியைப் படிக்காமல் தமிழ் நாளிதழ் வாசகர் யாரும் வளர்ந்திருக்க முடியாது. லேசானது என்று முடிவு செய்தவர் யார்? தடி பிடித்தவரின் கைக்கு அது லேசாக இருந்திருக்கலாம். வாங்கிய முதுகிடம் நிருபர் கேட்டாரா என்பது அந்த வரியில் இல்லை. 'பலத்த தடியடி நடத்தினோம்' என்று காவல்துறை தரப்பில் எப்போதாவது அறிக்கை வந்து பார்த்திருக்கிறீர்களா? வராது. ஒரு உரிச்சொல்லுக்கு எதிர்ச்சொல் பயன்பாட்டிலேயே இல்லை என்றால், அது எதையும் விவரிக்கவில்லை, முத்திரை குத்துகிறது என்று பொருள்.

சட்டம் எழுதியவர்கள் இந்த ஆபத்தைத் தெரிந்தே வைத்திருந்தார்கள் போலும். கூட்டத்தைக் கலைக்க ராணுவத்தை அழைக்கும் நிலைமை பற்றி, 2024 வரை நடைமுறையில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 130ஆவது பிரிவு பேசியது. எந்த அதிகாரியும் 'அளவாக'ப் பலத்தைப் பயன்படுத்தட்டும் என்று அது சொல்லவில்லை. கூட்டம் கலைவதற்கும் ஆட்களைக் கைது செய்வதற்கும் எவ்வளவு போதுமோ, அதற்குப் பொருந்துகிற மிகக் குறைந்த பலத்தை மட்டுமே பயன்படுத்தி, மிகக் குறைந்த காயத்தை மட்டுமே உண்டாக்க வேண்டும் என்றது. இங்கே அளவுகோல் அதிகாரியின் மனசில் இல்லை. கூட்டம் கலைந்ததா, அதற்கு இது தேவைப்பட்டதா என்று வெளியே இருந்து, பின்னால் வரும் ஒரு நீதிபதியும் கேட்கலாம். கரையில் நட்ட கம்பம் மாதிரி.

போரில் அப்படிக் கம்பம் நடுவது மிகக் கடினம். 1964 ஆகஸ்டில் டோங்கின் வளைகுடாச் சம்பவத்துக்குப் பிறகு, வட வியட்நாம் மீது விமானத் தாக்குதல் நடப்பதை அறிவித்த அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன், நம் பதில் இப்போதைக்கு வரம்புக்கு உட்பட்டதாகவும் பொருத்தமாகவும் இருக்கும் என்ற தொனியில் பேசினார். மறு ஆண்டு மார்ச்சில் 'ரோலிங் தண்டர்' என்ற குண்டுவீச்சுத் தொடர் ஆரம்பித்தது. அதன் பின்னால் இருந்த சித்தாந்தமே அளந்து அடிப்பதுதான். ஒரேயடியாக நொறுக்க வேண்டாம். அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றுவோம், ஒவ்வொரு படியிலும் எதிரி யோசிக்கட்டும், வலி தாங்காத இடத்தில் பேச்சுவார்த்தைக்கு வரட்டும். எந்தப் பாலம், எந்தக் கிடங்கு என்று இலக்குகளை வெள்ளை மாளிகையில் செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அதிபரும் அவருடைய ஆலோசகர்களும் தீர்மானித்தார்கள். ஹனோயைச் சுற்றியும் சீன எல்லையை ஒட்டியும் தடை வட்டங்கள் வரைந்திருந்தார்கள். நடுநடுவே குண்டுவீச்சை நிறுத்தியும் பார்த்தார்கள். 1965 கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி இறுதி வரை 37 நாள் நிறுத்தம் அவற்றில் நீளமானது.

வாஷிங்டனில் இருந்து பார்த்தால் இதைவிட அளந்து செய்த போர் இருக்க முடியாது. ஹனோயில் இருந்து பார்த்தவர்களுக்கு அது போர் மட்டுமே. இடைவெளி கிடைத்தபோது பாலத்தைச் சரிசெய்தார்கள், விமான எதிர்ப்புப் பீரங்கிகளைக் கூட்டினார்கள். தடை வட்டம் எது என்று தெரிந்ததும் அதற்குள் சரக்கைச் சேர்த்தார்கள். அனுப்பியவர் 'பார், எவ்வளவு குறைவாக அடிக்கிறேன்' என்று எழுதிய கடிதத்தை, வாங்கியவர் 'இவனால் இவ்வளவுதான் அடிக்க முடிகிறது' என்று படித்தார். மூன்றரை ஆண்டுக்கும் மேல் ஓடி, 1968 நவம்பர் தொடக்கத்தில் அது நின்றபோது எதிர்பார்த்த பேரம் படிந்திருக்கவில்லை. நல்லெண்ணம் குறைவு என்பதைவிட, இரண்டு தரப்புக்கும் பொதுவான ஓர் அலகு இல்லாததுதான் இங்கே கோளாறு என்று எனக்குத் தோன்றுகிறது. ஒருவர் அடியில் அளக்கிறார், இன்னொருவர் மீட்டரில் வாசிக்கிறார்.

பிறகு வந்த அரசுகள் இதிலிருந்து கற்றுக்கொண்டது என்னவென்றால், அடிப்பதோடு நின்றுவிடக் கூடாது, அடியின் அலகையும் கூடவே சொல்லிவிட வேண்டும் என்பது. 2019 பிப்ரவரி 26 அன்று பாலாகோட் தாக்குதலை அறிவித்த இந்திய வெளியுறவுச் செயலர், அது ராணுவ இலக்குகளைக் குறிவைக்காத முன்தடுப்பு நடவடிக்கை என்று குறிப்பிட்டார். 2025 மே 7 அதிகாலையில் வெளியான 'ஆபரேஷன் சிந்தூர்' அறிக்கை இன்னும் கச்சிதம். குறிவைத்தது, அளவானது, மோதலைப் பெரிதாக்காதது என்று மூன்று உரிச்சொற்கள் ஒரே வாக்கியத்தில் வரிசையாக நின்றன. நடுவில் நின்றது நம்முடைய 'மெஷர்ட்' தான். முக்கியமானது அடுத்த வாக்கியம்: பாகிஸ்தானின் ராணுவ நிலைகள் எதுவும் தாக்கப்படவில்லை. அதுதான் அலகு. இலக்குகள் ஒன்பது என்று எண்ணிக்கையும் சொல்லப்பட்டது. மறுபக்கத்தில் பாகிஸ்தான் பிரதமர் அதைப் போர்ச்செயல் என்றார். மே 10 அன்று சண்டை நிறுத்தம் வருவதற்குள் இரு தரப்பும் ஏறிய படிகள் எல்லாருக்கும் நினைவிருக்கும். அறிக்கையில் இருக்கும் உரிச்சொல் எதிரியைக் கட்டுப்படுத்துவதில்லை. ஆனால் டெல்லியில் இருந்த வேற்று நாட்டுத் தூதர்கள் தத்தம் தலைநகருக்கு எழுத ஒரு வாக்கியம் அதில் இருந்தது. போர்க்கால 'மெஷர்ட்' பெரும்பாலும் மூன்றாவது மனிதருக்காக எழுதப்படுவது.

இந்த உரிச்சொல் மிகத் துல்லியமாக வேலை செய்தது, அதனாலேயே வம்பிலும் மாட்டியது, குண்டு எதுவும் விழாத ஓர் இடத்தில்: அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வில். சந்தைக்காரர்கள் சுருக்கமாக ஃபெட் என்பார்கள். 1994 பிப்ரவரி வரை, வட்டியை மாற்றினாலும் கூட்டம் முடிந்த கையோடு அறிக்கை விடும் வழக்கமே அதற்கு இல்லை. சந்தைதான் மோப்பம் பிடிக்க வேண்டும். அந்த ஆண்டு 3 சதவீதத்தில் தொடங்கிய குறுகியகால வட்டியை ஒரே ஆண்டில் 6 சதவீதத்துக்குக் கொண்டுபோனார்கள். நடுவில் நவம்பரில் ஒரே மூச்சில் முக்கால் சதவீதம். கடன் பத்திரங்களின் விலை சரிந்தது. கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டி நிர்வாகம், வட்டி ஏறாது என்ற நம்பிக்கையில் கடன் வாங்கி முதலீடு செய்திருந்தது. டிசம்பரில் திவாலாகிவிட்டதாக நீதிமன்றத்துக்குப் போனது.

பத்து ஆண்டு கழித்து மறுபடி வட்டியை ஏற்ற வேண்டிய நேரம். 2003 ஜூனில் 1 சதவீதத்துக்கு இறக்கியிருந்தார்கள். ஆலன் கிரீன்ஸ்பான் தலைமையில் இருந்த குழுவுக்கு 1994 நன்றாக ஞாபகம் இருந்தது. எனவே முதலில் சொல்லை அனுப்பினார்கள், வட்டி பின்னால் வந்தது. 2003 ஆகஸ்டில், வட்டியைக் குறைவாக வைத்திருக்கும் தாராளக் கொள்கை 'கணிசமான காலம்' தொடரும் என்றார்கள். 2004 ஜனவரியில் அதை எடுத்துவிட்டு, நாங்கள் 'பொறுமையாக' இருக்கலாம் என்றார்கள். மே 4 அன்று பொறுமையும் போனது. தாராளத்தை விலக்கிக்கொள்ளும் வேகம் 'மெஷர்ட்' ஆக இருக்கக்கூடும் என்று வந்தது. கணிசமான காலம், பொறுமை, அளந்த வேகம்: மூன்றும் அடக்கத்தைக் குறிப்பவைதான். ஆனால் முதலிரண்டும் செய்யாமல் இருப்பதைப் பற்றியவை, மூன்றாவது செய்வதைப் பற்றியது. சந்தைக்காரர்கள் அந்த வித்தியாசத்தை அரை நிமிடத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

ஜூன் 30 அன்று முதல் கால் சதவீதம். ஆகஸ்டில் கால். செப்டம்பரில் கால். நவம்பர், டிசம்பரிலும் அதே. 2005இல் எட்டுக் கூட்டங்கள், எட்டுக் கால். 2005 நவம்பர் வரை ஒவ்வொரு அறிக்கையிலும் அதே உரிச்சொல் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. அதன் அருகே, விலைவாசியைக் கட்டுக்குள் வைக்கும் கடமைக்குத் தேவைப்பட்டால் நிலைமைக்கு ஏற்றபடி நடந்துகொள்வோம் என்று ஒரு தப்பிக்கும் வழியும் எழுதப்பட்டிருந்தது. அந்த வாக்கியத்தை யாரும் படிக்கவில்லை என்றே சொல்லலாம். 'மெஷர்ட்' என்றால் கூட்டத்துக்குக் கால் சதவீதம் என்று எல்லாரும் மொழிபெயர்த்துக்கொண்டார்கள். வங்கி எண் எதையும் தரவில்லை, சந்தை எண்ணாக்கிவிட்டது. இரண்டு தரப்புக்கும் பொதுவான அலகு கிடைத்துவிட்டது.

கிடைத்ததும் நடந்தது எதிர்பாராதது. வட்டி எப்போது, எவ்வளவு ஏறும் என்று தெரிந்துவிட்டால் ஏற்றம் யாரையும் பயமுறுத்தாது. பயம் இல்லாவிட்டால் நீண்டகாலக் கடனுக்கு அதிக வட்டி கேட்க மாட்டார்கள். 2005 பிப்ரவரியில், குறுகியகால வட்டி ஒன்றரை சதவீதம் ஏறியிருந்த நேரத்தில், பத்தாண்டுக் கடன் பத்திரத்தின் வட்டி ஏறுவதற்குப் பதில் இறங்கியிருந்தது. கிரீன்ஸ்பான் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் இதை ஒரு புதிர் என்றார். ஆசியாவில் குவிந்த சேமிப்பு அமெரிக்கப் பத்திரங்களை வாங்கியது போன்ற வேறு காரணங்களும் சொல்லப்படுகின்றன. அவற்றைத் தள்ள முடியாது. ஆனாலும் 1994இன் அதிர்ச்சியைத் தவிர்க்கத் தேர்ந்தெடுத்த சொல், ஓரளவு அதிர்ச்சி செய்திருக்க வேண்டிய வேலையையும் சேர்த்துத் தடுத்துவிட்டது என்பதுதான் என் கணிப்பு. வீட்டுக் கடன் மலிவாகவே இருந்தது. வீட்டு விலை ஏறிக்கொண்டே போனது. அந்த ஆண்டுகளில் வட்டி இருக்க வேண்டியதைவிடக் குறைவாக இருந்தது என்று பொருளாதார அறிஞர் ஜான் டெய்லர் பிற்பாடு விரிவாக வாதிட்டார்.

வாக்குறுதி ஆகிவிட்ட உரிச்சொல்லை எடுப்பதும் எளிதாக இருக்கவில்லை. 2005 டிசம்பர் அறிக்கையில் வேகத்தைப் பற்றிய பழைய வாக்கியம் போய், இன்னும் கொஞ்சம் 'மெஷர்ட்' இறுக்கம் தேவைப்படலாம் என்று சொல் ஓரமாக நகர்ந்தது. 2006 ஜனவரி 31 அன்று, கிரீன்ஸ்பானின் கடைசிக் கூட்டத்தில், சொல்லே இல்லை. கால் சதவீத ஏற்றம் மட்டும் தொடர்ந்தது. ஜூன் 29 அன்று 5.25 சதவீதத்தில் வந்து நின்றபோது மொத்தம் 17 ஏற்றங்கள், பதினேழும் கால் கால். பழக்கம் அதன் பெயரைவிட ஐந்து மாதம் கூடுதலாக உயிர் வாழ்ந்தது.

நம் ரிசர்வ் வங்கிக்கும் இதில் ஒரு அத்தியாயம் உண்டு. 2018 அக்டோபர் 5 அன்று ரெப்போ வட்டி 6.5 சதவீதத்திலேயே இருக்கட்டும் என்று முடிவெடுத்த நிதிக் கொள்கைக் குழு, தன் நிலைப்பாட்டை மட்டும் 'காலிபரேட்டட் டைட்டனிங்' என்று மாற்றியது. காலிபரேட்டட் என்பது மெஷர்ட் உடைய ஒன்றுவிட்ட தம்பி. கருவியின் முள்ளைச் சரிபார்த்து வைப்பதில் இருந்து வந்தது, அதனால் இன்னும் விஞ்ஞான வாசனை. வட்டிக் குறைப்புக்கு இனி இடமில்லை, ஆனால் ஒவ்வொரு கூட்டத்திலும் ஏற்றியே தீர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை என்று அப்போதைய ஆளுநர் உர்ஜித் படேல் விளக்கினார். வட்டி ஏறும் என்று எதிர்பார்த்திருந்த சந்தைக்கு ஏமாற்றம். அன்றே டாலருக்கு ரூபாய் முதன்முறையாக 74ஐத் தாண்டிச் சரிந்தது. டிசம்பரில் ஆளுநர் மாறினார். 2019 பிப்ரவரியில் நிலைப்பாடு 'நடுநிலை'க்குத் திரும்பியது, அதே கூட்டத்தில் வட்டி 6.25க்குக் குறைக்கப்பட்டது. அளந்து இறுக்குவோம் என்ற அந்த நான்கு மாதத்தில் ஒரு முறைகூட இறுக்கவில்லை.

2022இல் விலைவாசி தலைக்கு மேல் போனபோது ஃபெட் முக்கால் சதவீதமாக நான்கு முறை அடுத்தடுத்து ஏற்றியது. ரிசர்வ் வங்கி மே மாதம் அட்டவணையில் இல்லாத கூட்டம் போட்டு 0.40 சதவீதம் ஏற்றியது, பிறகு மூன்று முறை அரை அரை சதவீதம். இந்த வேகத்துக்கு மெஷர்ட் என்ற பெயர் எளிதில் பொருந்தாது. அந்த அளவுக்காவது சொல்லுக்கு இன்னும் மானம் இருக்கிறது.

செய்தி மேசையில் உட்கார்ந்து ஆங்கிலத்தைத் தமிழாக்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச்சொல் தேடி அலைய வேண்டாம். பேச்சைப் பற்றி வந்தால் 'நிதானமாக' போதும். நடையைப் பற்றி வந்தால் 'சீராக'. வட்டியைப் பற்றி வந்தால் 'படிப்படியாக' என்று எழுதி, பக்கத்தில் எத்தனை சதவீதம் என்று போட்டுவிடுங்கள். தாக்குதலைப் பற்றி வரும்போதுதான் கவனம் வேண்டும். அது பெரும்பாலும் நிருபரின் சொல்லாக இருக்காது, அறிக்கை கொடுத்தவரின் சொல்லாக இருக்கும். 'அளவான தாக்குதல் நடத்தப்பட்டது' என்று உங்கள் வாக்கியமாக எழுதாதீர்கள். 'தாக்குதல் அளவானது என்று பாதுகாப்பு அமைச்சகம் கூறியது' என்று எழுதுங்கள். 'லேசான தடியடி'க்கும் அதே விதியைப் போட்டுவிடலாம். வாக்கியத்துக்கு மூன்று நான்கு சொல் கூடும். பத்தியில் அதற்கு இடம் இருக்கும்.